நிறைவாழ்வு நகரில் பள்ளிக்கூடம் வந்த விதம்

பள்ளிக்கூடம் வந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப் வந்ததை முதலில் சொல்லியாக வேண்டும், பஸ் ஸ்டாப் வந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களை லாரியில் ஏற்றியதைச் சொல்லியாக வேண்டும், ஆகவே அவசரப்படுகிறவர்கள் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அதற்குள் நான் லாரியை விட்டு இறங்கிவிடுவேன்.

ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த எங்களை, ஆறு எங்களால் நாறுகிறது என்று சொல்லி, எங்கள் பாட்டன் பிறக்கும் முன்பே அது நாறிக்கொண்டிருந்ததை யாரிடமும் கேட்டுக்கொள்ளாமல், ஒரு மழைநாளில் சட்டி பானை கட்டில் கோழி எல்லாவற்றோடும் ஏற்றி, நகரம் முடிந்து, நகரத்தின் குப்பைமேடு முடிந்து, குப்பைமேட்டு நாய்களும் முடிந்துபோன பிறகு வந்த ஓர் ஏரிப் படுகையில் இறக்கிவிட்டார்கள். அங்கே பிளாக் பிளாக்காக மாடி வீடுகள் நின்றன. நுழைகிற இடத்தில் பெரிய போர்டு. ‘நிறைவாழ்வு நகர் – எல்லா வசதியும் பத்து நிமிட நடையில்’ என்று எழுதி, கீழே பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பூங்கா, பள்ளிக்கூடம் என்று அழகழகாகப் படம் போட்டிருந்தது. பத்து நிமிடம் நடந்து பார்த்தோம், முள்ளுக்காடு இருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தோம், பாம்பு இருந்தது. ஒயின் ஷாப் ஒன்று இருந்தது. போர்டில் அது இல்லை, ஆனால் அது ஒன்றுதான் யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது.

எங்களை லாரி ஏற்றி அனுப்பிய ஆபீசில் போய்க் கேட்டோம். படத்தில் இருப்பதெல்லாம் இரண்டாம் கட்டம் என்றார்கள்.

“ரெண்டாம் கட்டம் எப்ப சார்?”

“முதல் கட்டம் நல்லபடியா முடியட்டும்.”

“முதல் கட்டம் இன்னா சார்?”

“நீங்கதான்யா முதல் கட்டம்.”

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நாங்கள் தண்ணீர் லாரி வரிசையில் வளர்ந்தவர்கள். மற்றவர்களுக்குக் குலதெய்வம் இருக்கும், எங்களுக்கு வரிசை. வரிசையில் நிற்கிற ஒருத்தி, பக்கத்திலிருப்பவளிடம் “இடம் பார்த்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனால், போனவள் திரும்பி வரும்வரை இருப்பவள் அசையக் கூடாது, மழை வந்தாலும் மாடு வந்தாலும் மாமியார் செத்த செய்தி வந்தாலும் கூடாது. கன்னியம்மா என்று ஒருத்தி, நிறைமாதக்காரி, அடுத்த வீட்டுக்காரிக்கு இடம் பார்த்துக்கொண்டு நின்றபடியே பிள்ளையைப் பெற்று, அதையும் துடைத்துக் குடத்துக்குப் பின்னால் வரிசையிலேயே வைத்தாள், பிள்ளையும் தன் முறை வந்த பிறகுதான் அழுதது. இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள். எங்களில் திருடியவனை மன்னித்திருக்கிறோம், குத்தியவனைக்கூட ஜாமீனில் எடுத்திருக்கிறோம், ஆனால் இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துபோனவள் வீட்டில் யாரும் பெண் எடுத்ததில்லை.

அப்படிப்பட்ட ஜனத்தில் ஏகாம்பரம் ஒருவர். நவநீதத்தின் புருஷன், பழைய இடத்துக்குப் பக்கத்தில் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார் உடைக்கிறவர். வேலை போய்விடுமே என்ற பயத்தில் மெயின் ரோட்டோரம் போய் பஸ்ஸுக்காக நின்றார். பஸ்கள் அவரைப் பார்க்காத மாதிரி போயின. வெயிலில் நின்றார், மழையில் நின்றார், நவநீதம் தூக்குச்சட்டியில் கொண்டுபோன கஞ்சியை நின்ற வாக்கிலேயே குடித்தார், “வூட்டுக்கு வாய்யா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தபோது, “நான் அந்தாண்ட போற நேரம் பார்த்து பஸ்ஸு வந்துட்டா?” என்று கேட்டார், அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. கால்கள் இரண்டும் இரும்புக் குழாயாயின, தோள் அகன்று தகரக் கூரையாயிற்று, மடி இருந்த இடத்தில் நாலு பேர் உட்காரும் சிமெண்ட் பெஞ்சு வந்தது, நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் ஊர் பெயர் மஞ்சள் எழுத்தில் வந்தது. அடுத்து வந்த பஸ், ஸ்டாப் இருக்கிறதே என்று நின்றது. “ஏறுங்க ஏறுங்க, எவ்ளோ நேரம் நிக்கறது?” என்று டிரைவர் கத்தினார்.

ஏறினோம். அழுதுகொண்டேதான் ஏறினோம், ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டும் ஏறினோம். நவநீதமும் ஏறினாள், அவள் வீட்டு வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, ஏறுமுன் அந்தக் குழாயை ஒரு தரம் தடவிவிட்டு ஏறினாள். அதே பஸ்ஸில் போன மூன்றாம் பிளாக் ஆள் ஒருவனுக்கு மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற வேலை கிடைத்தது.

பிறகு தனகோட்டியின் முறை. காலில் சர்க்கரைப் புண் ஆறாமல், வராத ஆம்புலன்ஸுக்காக ஒன்றாம் பிளாக் வாசலில் நின்றவள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு அறையும் ஒரு மருந்து ஜன்னலுமாக ஆனாள். கட்டடம் இருந்தால் ஆள் அனுப்பித்தானே ஆகவேண்டும், ஆபீசிலிருந்து டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் மட்டும் எந்நேரமும் எறும்பு மொய்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு மருந்து அடித்தாலும் போகாது, சர்க்கரை உடம்பல்லவா.

இருசப்பன் என்று ஒருவன், பிறந்ததிலிருந்து வயிறு நிறையச் சாப்பிட்டறியாதவன், கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று ரேஷன் கடையானான். அந்தக் கடையில் எடை குறைகிறது என்று இன்றைக்கும் புகார் சொல்கிறார்கள். கடைக்காரரைத் திட்டி என்ன பிரயோசனம், இருசப்பனுக்கு இன்னும் பசி அடங்கவில்லை. அப்புறம் ஒரு பையனும் பெண்ணும், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து பேச ஓரிடம் கிடைக்காமல் மாடிப்படிக்கு மாடிப்படி துரத்தப்பட்டவர்கள், ஒருநாள் கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றபோது ஒரு பாதாம் மரமாகவும் அதன் கீழ் ஒரு பெஞ்சாகவும் ஆகி, சுற்றிலும் புல் முளைத்து, பூங்கா வந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு வருஷம், பெஞ்சில் உங்கள் ஆட்கள் உட்காரக் கூடாது, மரத்தில் உங்கள் ஆட்கள் இலை பறிக்கக் கூடாது என்று அடித்துக்கொண்டார்கள்.

இதிலுள்ள சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் சங்கத் தலைவர் துலுக்காணம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எட்டாவது மாடிக்குக் கேட்கிற குரல். “எது இல்லாம எவனுக்கு உசுரு போவுதோ அவன் நின்னாத்தான் அது வரும். மத்தவன் நின்னா காலு வலிதான் வரும்” என்றார். சரியான பேச்சு. தெம்பாக இருந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வேண்டுமென்று நின்று பார்த்தார்கள், கொசுதான் கடித்தது.

அதன் பிறகு எங்கள் நகரில் ‘வேணும்’ என்பது கெட்ட வார்த்தையாயிற்று. கடைக்குப் போன குழந்தைகள் மிட்டாயைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு விரலை மட்டும் நீட்டின. ஜன்னலோரம் அதிக நேரம் நின்ற பெண்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆசை எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், ஆனால் அடுத்தவர் ஆசையை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு வாழப் பழகினோம். இருமுகிறவரிடம், “ரொம்ப முடியலையா? நெஞ்சு வலிக்குதா? ஸ்கேன் மிஷினு இருந்தா தேவலாம் இல்ல?” என்று எவ்வளவு அன்பாக விசாரித்தோம் தெரியுமா? ஆற்றங்கரையில் இருந்த காலத்தில் இத்தனை அன்பு எங்களிடம் இல்லை.

போர்டில் பாக்கி பள்ளிக்கூடம்.

பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்வந்தார்கள். ஒருநாள் படிக்கட்டிலிருந்து ஒரு பிள்ளை விழுந்து, பின்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து தாய்மார் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிள்ளைகள் நாளெல்லாம் மாடிப்படிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் தெரியும், அந்த நகரில் படிப்பில்லாமல் யாருக்கு உயிர் போகும் என்று. நவநீதத்தின் பெண் மோனிஷாவுக்கு. பன்னிரண்டு வயது. பஜ்ஜி மடித்த காகிதத்தைப் படிப்பாள், மாத்திரை அட்டையைப் படிப்பாள், கரண்ட் பெட்டியில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைத் தினமும் ஒரு தரம் புதிதாகப் படிப்பாள். பக்கத்து வீட்டு ராகேலின் பெண் எஸ்தரும் இவளும் ஒரே வயது, ஒரே பைத்தியம், ஒரே பாடப் புத்தகத்தை இடது பக்கம் ஒருத்தியும் வலது பக்கம் ஒருத்தியுமாகப் படிப்பார்கள். ராகேலும் வீட்டு வேலைக்காரிதான், நவநீதத்தை வாய்நிறைய ‘யக்கா’ என்று கூப்பிடுவாள், இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரில் சாம்பார்க் கிண்ணம் போகிற அளவு ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள்.

நவநீதம் புருஷனைக் கொடுத்தவள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பெண்ணின் ஆசையைக் கொன்றுவிட்டால் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டாள். புத்தகப் பையைச் சாக்கடையில் போட்டாள். “படிச்சி இன்னாத்த கிழிக்கப் போற” என்று அடித்தாள். காகிதம் சுற்றி வரும் எதையும் வாங்குவதை நிறுத்தினாள். கரண்ட் பெட்டி மேல் தார் பூசினாள். கடைசியில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த பெரிய அபார்ட்மெண்டில் பாத்திரம் துலக்க விட்டாள். பெண் அங்கே சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து, அதிலிருந்த கடினமான வார்த்தை ஒன்றுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். நவநீதம் அன்றைக்கு அவளை அடிக்கவில்லை, சுவரில் தன் தலையை முட்டிக்கொண்டாள்.

சங்கம் பூங்காவில் கூடியது.

“பஸ்ஸு உன் வூட்டுக்காரரால வந்துது நவநீதம், அத்த யாரும் மறக்கல” என்று ஆரம்பித்தார் துலுக்காணம். “அதனாலதான் ஸ்கூல் விசயத்துலயும் உன் வூட்டுக்கு மொத மரியாத.”

“மரியாதய நீயே வச்சிக்கோ. எங்க வூட்ல ஒண்ணு குடுத்தாச்சு.”

“நாங்க கேட்டா குடுத்த? அவரா ஆனாரு.”

“உன் பேத்திய நிக்க வையேன், பார்ப்போம்.”

“வச்சிப் பார்த்துட்டுதாம்மே வந்து பேசறேன். காலைலேர்ந்து நின்னா. கடசில பஞ்சுமிட்டாய் வண்டிதான் வந்துது.”

கூட்டம் சிரித்தது. நவநீதம் சிரிக்கவில்லை.

“எம் பொண்ணுக்குப் படிப்புன்னாலே புடிக்காதுண்ணே. மண்டைல ஏறல. பாத்திரம் கழுவப் போய்க்கினு இருக்கா, நல்லா கழுவறான்னு அந்த வூட்டு அம்மாவே சொல்லிச்சு.”

எல்லோரும் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே மோனிஷா தரையில் குந்தி, யாரோ தின்றுபோட்ட சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு புள்ளயால இத்தினி புள்ளைங்களுக்கு நல்லது” என்றார் துலுக்காணம், குரலை அவரால் முடிந்த அளவு தாழ்த்தி. “செத்த பையனோட அம்மா மொகத்தப் பாரு.”

அந்த அம்மா முன்வரிசையில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் எதையும் கொடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

நல்லநாள் பார்த்தார்கள். நான்காம் பிளாக்குக்கும் ஐந்தாம் பிளாக்குக்கும் நடுவே இருந்த வெற்று மண்ணைப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். மோனிஷாவுக்குப் புதுப் பாவாடை சட்டை, தலை நிறைய கனகாம்பரம். பறையடிக்கிறவர்கள் வந்தார்கள், எல்லோருக்கும் கேசரி. பெண் கொஞ்சமும் பயப்படவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. “ஸ்கூல்ல லைப்ரரி வருமா தாத்தா?” என்று துலுக்காணத்தைக் கேட்டாள். “நீ நெனச்சிக்கினா வரும் கண்ணு” என்றார் அவர். அந்த மனிதர் அழுதார், ஆனால் பறையை நிறுத்தச் சொல்லவில்லை.

வெயில் ஏற ஏற கூட்டம் கரைந்தது. கேசரி தின்ற மயக்கத்தில் ஆளாளுக்கு நிழலைத் தேடிப் போய்ப் படுத்தார்கள். நவநீதம் மட்டும் பெண்ணின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அந்தப் பாதங்கள் சில்லிட ஆரம்பித்தன. கட்டைவிரல் நகம் மேல் சாம்பல் நிறமாக ஒரு பூச்சு ஏறியது, ஈர சிமெண்டின் வாசனை வந்தது.

அப்போது பார்த்து எஸ்தர் வந்தாள். சிநேகிதியைப் பார்க்கத்தான் வந்தாள், கையில் இருவரும் சேர்ந்து படிக்கிற அந்தப் புத்தகம்.

நவநீதம் எழுந்தாள். அவள் முகம் சாதாரணமாக இருந்தது, அடுப்பில் பால் வைத்திருக்கிறவள் முகம் மாதிரி.

“எஸ்தரு, இவ காலைலேர்ந்து பட்டினி. ஒரு வாய் சோறு ஊட்டிட்டு இட்டாந்துடறேன். இடம் பார்த்துக்கடி கண்ணு.”

“சரி அத்தே. சீக்கிரம் வந்துடுங்க” என்றாள் எஸ்தர்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மோனிஷாவின் காலை ஒட்டிக் காலை வைத்து நின்றாள். நவநீதம் பெண்ணைத் தூக்கினாள். பாதம் வரவில்லை. இன்னொரு தரம் தூக்கினாள். உள்ளங்கால் தோல் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ள, பெண் மட்டும் வந்தாள். பெண் கத்தாமல் இருக்க அவள் வாயைப் பொத்திக்கொண்டு நவநீதம் வீட்டுக்கு ஓடிக் கதவைத் தாழ் போட்டாள்.

காலுக்குத் துணி சுற்றிவிட்டு நிஜமாகவே சோறு பிசைந்தாள். நெய் விட்டுப் பருப்புச் சோறு. கடுகளவு கடுகளவாக உருட்டி ஊட்டினாள்.

“போதும்மா. எஸ்தர் நின்னுக்கினு இருக்கா.”

“இன்னொரு வாய்.”

“போலாம்மா.”

“மென்னு முழுங்கு. இன்னொரு வாய்.”

வெளியேயிருந்து குரல் வந்தது. “அத்தே, சாப்டாச்சா?” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. “அத்தே, காலு ஒரு மாதிரி இருக்கு.” ஓடிப்போயிருக்கலாம், அந்தப் பெண்ணை யாரும் கட்டிவைக்கவில்லை. ஆனால் அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யாரும் இடம் விட்டு நகர்ந்து அவள் பார்த்ததில்லை. மோனிஷா கதவை நோக்கி ஊர்ந்தாள், நவநீதம் அவளை மடியில் போட்டு அழுத்திக்கொண்டு, “இன்னொரு வாய்” என்றாள். மூன்றாம் தரம் “அத்தே” என்று கூப்பிட்டபோது அது பாதியிலேயே வெண்கலமாயிற்று. நிறைவாழ்வு நகரில் முதல் பள்ளி மணி அடித்தது.

படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். மஞ்சள் சுவர், சிவப்பு ஓடு, எட்டு வகுப்பறை, குடிதண்ணீர்க் குழாய், ஓரத்தில் சின்ன லைப்ரரி. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. செருப்பைப் பார்த்ததும் துலுக்காணத்துக்கு விளங்கிவிட்டது. குனிந்து அதை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, “எந்தப் புள்ளயா இருந்தா இன்னா, ஸ்கூலு வந்துச்சு இல்ல” என்றார். எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், அவர் வாயால் சொன்னார், அதனால்தான் அவர் தலைவர்.

ராகேல் சாயங்கால பஸ்ஸில் வந்து ஏகாம்பரத்தின் கீழே இறங்கினாள். அவள் கத்தியதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. கத்தி முடித்த பிறகு அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்தோம், எங்களுக்கும் இரக்கம் உண்டு. தினமும் மகளைப் பெருக்கினாள், கழுவினாள், சுவரில் பையன்கள் கிறுக்கியதைத் தேய்த்துத் துடைத்தாள். நவநீதத்தை அவள் அடிக்கவில்லை, சபிக்கவில்லை. சாம்பார்க் கிண்ணம் போகிற அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சாயங்காலமும் பழைய குரலிலேயே கேட்பாள். “யக்கா, சோறு ஊட்டியாச்சா?”

நவநீதம் ஒவ்வொரு சாயங்காலமும், “ஆச்சு” என்பாள்.

பள்ளிக்கூடம் அருமையாக நடந்தது. ஒரே ஒரு தொல்லை. ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சு ஓரத்தில் ஓரிடம், அங்கே யார் உட்கார்ந்தாலும் பெஞ்சு மெதுவாக அவர்களை நகர்த்திவிடும். கோபமாக இல்லை, தோளைத் தொட்டு ‘இங்க ஆள் வருது’ என்று சொல்வதுபோல. வாத்தியார்களும் பழகிக்கொண்டார்கள்.

இப்போது நவநீதம் பெண்ணிடம் கெஞ்சினாள். “போடி, இனிமே பயமில்ல. ஆசை தீரப் படி.” புதுப் பை வாங்கிக் கொடுத்தாள், பொட்டலம் காகிதமெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்தாள். மோனிஷா நொண்டியபடி வாசல்வரை போவாள், நின்றுவிடுவாள்.

“அவ எனக்கு எடம் பார்த்துக்கினு இருக்காம்மா. நான் போய்க் குந்திட்டா, சரி வந்துட்டா, நாம வூட்டுக்குப் போலாம்னு அவ நெனச்சிக்குவா. அப்புறம் போகப் பார்ப்பா. அவளால போவ முடியாதே.”

அடியாலும் தாராலும் சாகாத ஆசை அந்த வாசற்படியில் செத்தது. முதலில் எழுத்து போயிற்று, காகிதத்தைக் கொடுத்தால் மூக்கைச் சிந்திப் போட்டாள். பிறகு தாவணி ஆசை, பூ ஆசை, பசி. சோறு வைத்தால் தின்பாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். எதைக் கேட்டாலும், “ஒண்ணும் வேணாம்மா.”

இதற்கிடையில் ஆபீசிலிருந்து காரில் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு நிபுணர், போர்டின் முன் நின்று ஒவ்வொரு படமாகத் தொட்டு, பஸ் ஸ்டாப் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, ரேஷன், பூங்கா, பள்ளி எல்லாம் பத்து நிமிட நடையில் இருக்கிறது என்று ஆனந்தப்பட்டார். நகரத்தைத் திட்டமிட்டு நிறைவு செய்ததற்காக ஆபீசுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. யார் கட்டினார்கள் என்று அவர் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போர்டில் பெயர் போட்டிருப்பாரோ என்னவோ.

வசதி வந்த இடத்துக்கு ஜனம் வரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அபார்ட்மெண்டுகள் முளைத்தன. எங்கள் பிளாக் மேல் கண் விழுந்தது. ஆபீசில் கூப்பிட்டுப் பதமாகச் சொன்னார்கள்.

“இது வசதியில்லாதவங்களுக்கான திட்டம். உங்களுக்குத்தான் எல்லா வசதியும் வந்துடுச்சே. இனிமே நீங்க இங்க இருக்கத் தகுதி கிடையாது.”

“வேற எடம் குடுப்பீங்களா சார்?”

“கண்டிப்பா. ஒரு வசதியும் இல்லாத இடமா பார்த்து வச்சிருக்கோம்.”

பஸ் ஸ்டாப்பைத் தன்னோடு கொண்டுபோக முடியுமா என்று நவநீதம் கேட்டாள். பொதுச்சொத்து, தொடக்கூடாது என்றார்கள். ராகேலை மட்டும் அங்கேயே இருக்கவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைப் பெருக்க ஆள் வேண்டுமல்லவா. லாரி புறப்பட்டபோது மணி அடித்தது. நேரம் ஆகாமலே அடித்தது. மோனிஷா திரும்பிப் பார்க்கவில்லை.

புது இடம் வெறும் உவர்மண். சுற்றிலும் ஒரு செடிகூடக் கிடையாது, பெயரும் இன்னும் வைக்கவில்லை. லாரியிலிருந்து இறங்கிய நாங்கள் சாமான்களைப் போட்டுவிட்டு உடனே நடக்கத் தொடங்கினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நடந்தது. நடந்தபடி அடுப்பு மூட்டினோம், நடந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்தோம், களைத்தவர்கள் படுத்தார்கள், எழுந்ததும் நடந்தார்கள். துலுக்காணத்துக்கு மாரடைப்பு ஒன்று வந்துபோயிருந்தது, கையை நெஞ்சில் வைத்தபடி எல்லோரையும்விட வேகமாக நடந்தார். பக்கத்தில் போய், “இன்னா தலைவரே, முடியலையா? ஆஸ்பத்திரி இருந்தா தேவலாமா?” என்று யாராவது அன்பாகக் கேட்டால், கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தினார்.

மனை அளக்க ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். நட்ட கம்பு உவர்மண்ணில் பிடிக்காமல் சாய்ந்தது. “யாராவது ஒருத்தர் மூலைல நில்லுங்கப்பா, டேப்பு புடிக்கணும்” என்றார்கள். ஜனம் மொத்தமும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தது. “அரை மணி நேரம் நிக்க ஆளில்லையா இந்த ஊர்ல?” என்று கத்தினார்கள்.

மோனிஷா போய் நின்றாள்.

ஒரு மூலையில் நின்றாள், பிறகு அடுத்த மூலையில், வெயில் தலைக்கு ஏறும்வரை அவர்கள் கைகாட்டிய இடத்திலெல்லாம் போய் நின்றாள். நாங்கள் நடந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தோம், இப்போது ஆகும், இதோ ஆகும், குழாயாகவாவது விளக்குக் கம்பமாகவாவது ஆகும் என்று. நவநீதம் ஓடிப்போய் மண்டி போட்டு, பெண்ணின் ஒரு காலைத் தூக்கிப் பாதத்தைத் தடவிப் பார்த்தாள், மறுகாலைத் தூக்கிப் பார்த்தாள். சூடாக, மெத்தென்று, வெறும் சதையாக இருந்தது.

“உனக்கு இன்னாடி வேணும்?” அந்தக் கெட்ட வார்த்தையை வாய்விட்டே கேட்டாள்.

“ஒண்ணும் வேணாம்மா.”

நவநீதம் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். டேப் பிடித்த ஆட்களிடம் போய், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகப் பெருமையோடு சொன்னாள்:

“எம் பொண்ண எங்க வேணா நிக்க வைங்க சார், ஒண்ணும் ஆவாது.”